புட் ஆஃப், தள்ளிப்போடு, வாயிதா வெய்

ஆங்கிலத்தில் ‘புட்’ என்றால் வை, போடு. ‘ஆஃப்’ என்றால் விலகி, அப்பால். இரண்டும் பள்ளிப் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். ஆனால் ‘புட் ஆஃப்’ என்று சேர்த்துச் சொன்னதும் அந்தப் பிள்ளை திகைத்து நிற்கிறது. தேர்வைத் தள்ளிப்போடுவதும் புட் ஆஃப். ஒரு நாற்றம் சாப்பாட்டின் மேல் வெறுப்பு வரவைப்பதும் புட் ஆஃப். கடன் கொடுத்தவரிடம் சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்புவது, விளக்கை அணைப்பது, பயணியை வழியில் இறக்கிவிடுவது, படகு கரையை விட்டுக் கிளம்புவது என்று எல்லாவற்றுக்கும் அதே இரண்டு சொற்கள். நம் கடைகளில் கிடைக்கும் ஆங்கிலக் கையேடுகளோ இவ்வளவையும் ‘புட் ஆஃப் என்றால் போஸ்ட்போன்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பிள்ளை அதை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்தும் விடுகிறது.

ஒரு வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘டவுன்’ போன்ற சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் இந்த அமைப்பை ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறார்கள். லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் வெளியிட்ட ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ என்ற நூலால் பரவிய பெயர் அது. பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டு அகராதியின் முன்னுரையில், அயலாருக்கு ஆங்கிலத்தில் பெருந்தொல்லை தருவது இதுதான் என்று எழுதிவைத்தார். அவர் மனத்தில் இருந்த அயலார் பெரும்பாலும் ஐரோப்பியர்தான். பிரெஞ்சுக்காரருக்கு அது தொல்லைதான், அவர் மொழியில் அப்படி ஓர் அமைப்பு இல்லை. தமிழரையும் தெலுங்கரையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதிலும் சித்தூரிலும் திருப்பதியிலும் வளரும் ஒரு பிள்ளையிடம், ‘புட் ஆஃப்’ செய்கிற வேலையைச் செய்ய ஏற்கெனவே இரண்டு மொழிகள் ஆயத்தமாக இருக்கின்றன. ஆசிரியர் அவற்றை எழுப்பிவிட்டால் போதும்.

இந்த ஊர்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சித்தூர் நகரம் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம். அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தார்கள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுவதும் அதற்குள் போயிற்று. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லைச் சிக்கலில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரி, புத்தூர், சித்தூர், குப்பம் எல்லாம் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் இத்தனை முறை நகர்ந்தும், வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்குமாகவோ, வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழுமாகவோ பேசும் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. இந்த மக்களின் பேச்சைக் ‘கலப்படம்’ என்று இரு பக்கத்துப் பண்டிதர்களும் ஒதுக்குவது எனக்கு வருத்தமளிக்கும் செய்தி. இரண்டு மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு, நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் மொழியியலாளரைவிட இவர்களுக்கே அதிகம்.

முதலில் ‘போடு’. தமிழில் இந்த வினை எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். சட்டை போடுகிறோம், லைட் போடுகிறோம், கோலம் போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், சபரிமலைக்கு மாலை போடுகிறோம். தெலுங்கில் இதே இடங்களிலெல்லாம் ‘வெய்’ என்ற வினை வந்து நிற்கிறது. ‘சொக்கா வேஸுகோ’, ‘லைட்டு வெய்யி’, ‘முக்கு வெய்யி’, ‘ஓட்டு வெய்யி’, ‘மால வேஸுகுன்னாரு’. முக்கு என்றால் கோலம். போடு, வெய் இரண்டுக்கும் ஒலியில் உறவில்லை. பிறப்பால் வேறு வேறு சொற்கள். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்து இருந்து ஒரே வேலைப் பட்டியலை வைத்திருக்கின்றன. எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழர் கையெழுத்துப் ‘போடு’வார், தெலுங்கர் ‘சந்தகம் பெட்டு’வார். தமிழர் சண்டை போடுவார், தெலுங்கருக்குப் ‘போட்லாடு’ என்று தனி வினையே இருக்கிறது.

இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தின் ‘புட்’டை வைத்துப் பாருங்கள். சட்டை போடுவது புட் ஆன். லைட் போடுவதும் புட் ஆன். சட்டையை உடம்பின் ‘மேல்’ போடுவதைச் சுட்ட ஆங்கிலம் ‘ஆன்’ என்ற சிறு சொல்லைச் சேர்க்கிறது. தமிழும் தெலுங்கும் அதைத் ‘தனக்காக’ என்ற பொருளால் சுட்டுகின்றன: போட்டுக்கொள், வேஸுகோ. ஆங்கிலத்தின் சிறு சொல் இடத்தையும் திசையையும் சொல்கிறது. நம் துணைவினை யாருக்காக, எந்த மனநிலையில், முடிந்ததா முடியவில்லையா என்பதைச் சொல்கிறது. ஒப்பீட்டின் அடிப்படை வேறுபாடு இதுதான். மற்றவை இதிலிருந்து கிளைப்பவை.

இப்போது தள்ளிப்போடுவதற்கு வருவோம். தமிழில் தள்ளிப்போடு. தெலுங்கில் வாயிதா வெய். ஆங்கிலத்தில் புட் ஆஃப். மூன்றிலும் முதுகெலும்பாக இருக்கும் வினை ‘போடு’தான். எதைச் சேர்த்துப் போடுகிறார்கள் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. ஆங்கிலம் விலகலைக் காட்டும் ‘ஆஃப்’ஐப் பின்னால் ஒட்டுகிறது. தமிழ் ‘தள்ளி’ என்ற வினையெச்சத்தை முன்னால் வைக்கிறது. இந்தத் ‘தள்ளி’ பல இடங்களில் வினை என்ற நிலையையே கடந்துவிட்டது. ‘தள்ளி நில்’ என்று சொன்னால் எதையும் தள்ளச் சொல்லவில்லை, விலகி நிற்கச் சொல்கிறோம். ‘நாலு வீடு தள்ளி இருக்கிறார்’ என்பதிலும் தள்ளுவோர் யாருமில்லை. அது கிட்டத்தட்ட ‘ஆஃப்’ ஆகிவிட்டது. ஆக, தமிழ்ப் பிள்ளைக்கு ‘ஆஃப் என்றால் தள்ளி’ என்று ஒரே ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் ‘புட் ஆஃப்’ மட்டுமல்ல, ‘கீப் ஆஃப்’, ‘ஸ்டே ஆஃப்’ எல்லாமே தன்னால் திறக்கும். ஜெர்மானியரும் தள்ளிப்போடுவதைத் ‘தள்ளு’ என்று பொருள்படும் வினையால்தான் சொல்கிறார்கள். ‘அவுஃப்ஷீபன்’ என்பது அந்தச் சொல்.

தெலுங்கின் ‘வாயிதா’ வேறு கதை. அரபியில் வாக்குறுதி, குறித்த காலம் என்னும் பொருளில் வழங்கிய சொல் அது. பாரசீகம், உருது வழியாக நவாபுகளின் வரிக் கச்சேரிக்கும் வழக்குமன்றத்துக்கும் வந்து, அங்கிருந்து நம் இரு மொழிகளிலும் நுழைந்தது. தமிழில் அது ‘வாய்தா’. ஆனால் தமிழ் அதை வழக்குமன்ற வளாகத்தை விட்டு அதிகம் வெளியே விடவில்லை. வாய்தா வாங்கினார், அடுத்த வாய்தா எப்போது என்பதெல்லாம் வழக்கு நடத்துவோர் பேச்சு. தமிழர் யாரும் தங்கள் வீட்டுக் கல்யாணத்தை வாய்தா போட்டதாகச் சொல்வதில்லை. தெலுங்கிலோ அது நடுவீட்டுக்கே வந்துவிட்டது. தேர்வும், பயணமும், சட்டமன்றக் கூட்டமும், கல்யாணமும் வாயிதாதான். சித்தூர் வழக்குமன்ற வாசலில் நிற்கும் தமிழருக்கும் தெலுங்கருக்கும் இந்தச் சொல் பொது. வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் ஒருவர் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார், மற்றவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்.

தமிழ் நடுவீட்டுக்கும் சபைக்கும் வேறு ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த ஏற்பாடு நுட்பமானது, நாம் கவனிக்கத் தவறுவது. சட்டமன்றத்தை ‘ஒத்திவைக்கிறார்கள்’. பல் வைத்தியரிடம் போவதைத் ‘தள்ளிப்போடுகிறோம்’. துணைவினையை ‘வை’ என்று மாற்றியதும் செயலுக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. பின்னால் எடுப்பதற்காக ஓர் இடத்தில் வைக்கிறார்கள், நாள் குறித்திருக்கிறார்கள், அதிகாரம் உள்ளவர் செய்கிறார். ‘போடு’ என்றதும் அந்தப் பொறுப்பு கழன்றுவிடுகிறது. சொல்லிவை, எடுத்துவை, சமைத்துவை என்பவற்றில் வரும் முன்யோசனை உடைத்துப்போடு, கிழித்துப்போடு என்பவற்றில் இல்லை. ஆங்கிலமும் இதே வேறுபாட்டை வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு லத்தீனிடம் கடன் வாங்குகிறது. சபையும் வழக்குமன்றமும் ‘அட்ஜர்ன்’ ஆகும், அலுவலகக் கூட்டம் ‘போஸ்ட்போன்’ ஆகும், பல் வைத்தியம் ‘புட் ஆஃப்’ ஆகும். தமிழ் ஒரு துணைவினையை மாற்றிச் செய்வதை ஆங்கிலம் சொல்லின் குலத்தையே மாற்றிச் செய்கிறது. கையேட்டில் ‘புட் ஆஃப் என்றால் போஸ்ட்போன்’ என்று எழுதும்போது தொலைந்துபோவது இந்த வேறுபாடுதான். அதைப் படித்த பிள்ளை மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் ‘புட் ஆஃப்’ என்றும், நண்பனிடம் பேசும்போது ‘போஸ்ட்போன்’ என்றும் மாற்றிப் பயன்படுத்துகிறது. ‘ஒத்திவை’க்கும் ‘தள்ளிப்போடு’வுக்கும் உள்ள வேறுபாட்டை அதனிடம் கேட்டிருந்தால் நொடியில் சொல்லியிருக்கும்.

செய்வதும் தானாக நடப்பதும் வேறு வேறு என்பதில் நம் மொழிகள் கண்டிப்பானவை. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்றால் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். கல்யாணம் தள்ளிப்போச்சு என்றால் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. போடுவுக்கு எதிரில் ‘போ’ நிற்கிறது. தெலுங்கில் வெய்க்கு எதிரில் ‘படு’ நிற்கிறது: ‘வாயிதா வேஸாரு’, ‘வாயிதா படிந்தி’. படு என்றால் அங்கே விழு என்று பொருள். ‘புட் ஆஃப்’ பக்கம் இந்த வாசல் கிடையாது. கல்யாணம் தானாகப் ‘புட் ஆஃப்’ ஆக முடியாது. ‘வாஸ் புட் ஆஃப்’ என்று செயப்பாட்டுவினையில்தான் சொல்ல வேண்டும், அதாவது ஒளிந்திருக்கும் ஒருவர் எப்போதும் உண்டு. நம் பிள்ளைகள் ‘எக்ஸாம் போஸ்ட்போன்டு’ என்று ‘வாஸ்’ இல்லாமல் எழுதுவதைக் கண்டால் ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள். சுழிப்பது சரி. அதே நேரம், அந்தப் பிழைக்குப் பின்னால் ‘எக்ஸாம் தள்ளிப்போச்சு’ என்ற முழுமையான, சரியான இலக்கணம் நிற்பதையும் காட்ட வேண்டும். எது விடுபட்டது என்று அப்போதுதான் பிள்ளைக்கு விளங்கும்.

இன்னோர் இடத்தில் நம் மொழிகள் பிள்ளையைச் சரியான வழியிலேயே கொண்டுபோகின்றன. ‘புட் ஆஃப்’ஐ அடுத்து வினை வந்தால் அது ‘-இங்’ சேர்ந்துதான் வரும். ‘புட் ஆஃப் கோயிங்’ என்பது சரி, ‘புட் ஆஃப் டு கோ’ என்பது தவறு. தமிழில் ‘போவதைத் தள்ளிப்போட்டான்’ என்கிறோம். தெலுங்கில் ‘வெள்ளடம் வாயிதா வேஸுகுன்னாடு’. போவது, வெள்ளடம் இரண்டும் வினையிலிருந்து பிறந்த பெயர்கள், ‘கோயிங்’ போலவே. ‘டு கோ’ என்று எழுதும் பிள்ளை தாய்மொழியைப் பின்பற்றியதால் தவறவில்லை. ‘வான்ட் டு கோ’ என்ற இன்னோர் ஆங்கிலத் தொடரைப் பின்பற்றியதால் தவறுகிறது. எல்லாப் பிழைக்கும் தாய்மொழியின் மேல் பழிபோடும் பழக்கம் நம் ஆங்கில ஆசிரியர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. இந்த ஓர் எடுத்துக்காட்டு அதை நிறுத்திவைக்கப் போதும்.

தெலுங்குத் தொடரில் ‘வேஸுகுன்னாடு’ என்று ‘கொனு’ ஏறியிருப்பதைக் கவனியுங்கள். தன் பயணத்தைத் தானே தள்ளிப்போட்டான் என்ற தன்நோக்கு அதில் இருக்கிறது. தமிழின் ‘கொள்’ளும் தெலுங்கின் ‘கொனு’வும் உடன்பிறப்புகள். கற்றுக்கொள், நேர்ச்சுகோ. எடுத்துக்கொள், தீஸுகோ. இதுவரை இணைபிரியாமல் வருகின்றன. பிறகு தமிழ்க் ‘கொள்’ ஒரு புதுப்பாதையில் இறங்கித் தொடர்நிகழ்வைக் காட்டத் தொடங்கியது. ‘தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான்’ என்பதில் தன்நோக்கு எதுவும் இல்லை, ஓயாமல் செய்வது மட்டும்தான் இருக்கிறது. தெலுங்கு அந்த வேலைக்குக் ‘கொனு’வைக் கூப்பிடவில்லை. ராயலசீமைப் பேச்சில் ‘வஸ்தா உண்டாடு’ என்று இருப்பு வினையை வைத்தே சமாளிக்கிறார்கள்.

முடிந்துபோனதைக் காட்டும் விதத்தில்தான் இரு மொழிகளும் மிக அழகாகப் பிரிகின்றன. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழுக்கு ‘விடு’ ஒன்றே போதும். சாப்பிட்டுவிட்டேன், விழுந்துவிட்டேன், வந்துவிடு, போய்விடு. தானாக நடந்ததற்கும் விரும்பிச் செய்ததற்கும் ஒரே விடு. தெலுங்குக்கு இரண்டு வேண்டும். விரும்பிச் செய்தால் ‘வெய்’, தானாக நடந்தால் ‘போ’. தினேஸானு என்றால் சாப்பிட்டுவிட்டேன். படிபோயானு என்றால் விழுந்துவிட்டேன். குச்சியை ஒருவன் ஒடித்தால் ‘விரிச்சேஸாடு’, குச்சி தானாக ஒடிந்தால் ‘விரிகிபோயிந்தி’. தமிழிலும் ‘ஒடிந்துபோயிற்று’ என்று போ வரும், ஆனால் கட்டாயமில்லை. தெலுங்கில் ‘வந்துடு’வுக்கு வச்செய், ‘போயிடு’வுக்கு வெள்ளிப்போ. வருகைக்கு வெய், புறப்பாட்டுக்குப் போ. திருப்பதி பேருந்து நிலையத்தில் ஒரே குடும்பத்தில் பாட்டி தமிழிலும் பேத்தி தெலுங்கிலும் கூப்பிட்டுக்கொள்ளும்போது இந்த மாற்றத்தைத் துளி தடுமாற்றமில்லாமல் செய்கிறார்கள். ‘போ’வின் திசைதான் இங்கே ஆங்கிலத்துக்கு நெருங்கி வருகிறது. வெள்ளிப்போ என்பது கிட்டத்தட்ட ‘கோ அவே’. இரண்டும் விலகிச் செல்வதை உணர்த்துகின்றன.

இந்தத் துணைவினைகளை அறிஞர்கள் கவனிக்காமல் இல்லை. ஏ.எச்.ஆர்டன் என்ற பாதிரியார் 1873இல் தெலுங்குக்கும் 1891இல் தமிழுக்கும் இலக்கணம் எழுதினார். ஒரே கை இரண்டையும் எழுதியது அரிய நிகழ்வு. இ.அண்ணாமலை 1985இல் தமிழின் வினை விரிவாக்கம் பற்றித் தனி நூலே எழுதினார். அதே ஆண்டு பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியும் ஜே.பி.எல். க்வின்னும் எழுதிய தற்காலத் தெலுங்கு இலக்கணம் வந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992 முதல் பதிப்பிலேயே துணைவினைகளுக்கு இடம் கொடுத்தது. இவ்வளவும் இருந்தும் பள்ளியின் ஆங்கில வகுப்புக்குள் இதில் ஒரு வரிகூட நுழையவில்லை. திருப்பதியில் 1954இல் தொடங்கிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் குப்பத்தில் 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகமும் இருக்கும் மண்ணில் இந்த இடைவெளி நீடிப்பது சரியல்ல.

ஆந்திர அரசு 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணையிட்டதும், 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் நினைவிருக்கும். எந்த வழியில் பாடம் நடந்தாலும், ஆங்கிலம் கற்கும் பிள்ளையின் தலைக்குள் தாய்மொழி ஓய்வெடுக்கப் போவதில்லை. இந்த வட்டாரத்தில் காதில் விழும் ஆங்கிலமே அதற்குச் சான்று. ‘ஐ ஸ்லெப்ட் ஆஃப்’ என்று தென்னாட்டார் சொல்வது பிரபலம். தூங்கிட்டேன் என்பதன் ‘விடு’வும், நித்ரபோயானு என்பதன் ‘போ’வும் ‘ஆஃப்’ வடிவில் வந்து உட்கார்ந்துவிட்டன. இங்கிலாந்துக்காரருக்குத் தூக்கத்தால் ஒன்றைப் போக்கிக்கொள்வதுதான் ‘ஸ்லீப் ஆஃப்’, பெரும்பாலும் குடிமயக்கத்தை. பிள்ளைக்குத் தேவை ‘ஃபெல் அஸ்லீப்’. பிழை பிழைதான். ஆனால் ‘ஐ ஸ்லெப்ட்’ மட்டும் போதாது, கண் அயர்ந்த அந்த நொடியைச் சொல்ல ஏதோ ஒன்று சேர வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்தின் சிறு சொல் எதற்கு என்பதை அது சரியாகவே ஊகித்திருக்கிறது.

கடன் வாங்கும்போதும் இந்த நுண்ணுணர்வு வேலை செய்கிறது. ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்ற தொடரில் வினை ‘ஸ்விட்ச்’, துணை ‘ஆஃப்’. நாம் எடுத்துக்கொண்டது எதை? ஆஃப் பண்ணு, ஆஃப் செய்யி. வினையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிறு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டோம், பொருள் அதில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டதால். வண்டி நின்றுவிட்டால் ‘பிரேக்டவுன் ஆயிடுச்சு’ என்கிறோம், ‘பிரேக்டவுன் அயிபோயிந்தி’ என்கிறார்கள். ‘டவுன்’ என்பதிலேயே முடிவு இருக்கிறது. அது நமக்குக் கேட்பதில்லை. தமிழ் தன் ‘விடு’வையும் தெலுங்கு தன் ‘போ’வையும் மறுபடி சேர்த்த பிறகுதான் வண்டி உண்மையில் நிற்கிறது. திட்டம் ‘ஒர்க் அவுட் ஆகலை’ என்று தமிழர் சொல்லும்போதும் ‘வர்க்கவுட் அவலேது’ என்று தெலுங்கர் சொல்லும்போதும் விடுவும் போவும் காணாமல் போயிருப்பதைப் பாருங்கள். நடக்காத ஒன்றுக்கு முடிவு கிடையாது, ஆகவே எதிர்மறையில் இரு மொழிகளும் துணைவினையைக் கழற்றிவிடுகின்றன. சாப்பிட்டுவிட்டேன், ஆனால் சாப்பிடவில்லை. தினேஸானு, ஆனால் தினலேது. எச்சரிக்கும்போது மட்டும் அது திரும்பி வருகிறது: விழுந்துடாதே, படிபோகு.

‘புட் ஆஃப்’பின் மற்றப் பொருள்களுக்கு வந்தால், அவற்றில் எதற்கும் ‘தள்ளிப்போடு’ உதவாது. ஓர் ஆளைப் ‘புட் ஆஃப்’ செய்வது, அதாவது இன்று போய் நாளை வா என்று அனுப்புவது, தமிழில் இழுத்தடிப்பது அல்லது அலையவிடுவது. தெலுங்கில் ‘திப்புதாடு’, சுற்றவிடுகிறான். ‘ஆளைத் தள்ளிப்போட்டான்’ என்றால் தமிழில் அடிதடி வழக்காகிவிடும். சாக்குச் சொல்வது மட்டும் பொது. தமிழுக்குச் சாக்கு, தெலுங்குக்குச் ‘ஸாகு’. வெறுப்பு வரவைக்கும் ‘புட் ஆஃப்’பில் ஆங்கிலம் நாற்றத்தைச் செய்வோனாக நிறுத்துகிறது. நாமோ மனத்தைத்தான் எழுவாயாக்குகிறோம். தமிழில் ‘மனசு விட்டுப்போச்சு’. தெலுங்கில் ‘மனஸு விரிகிபோயிந்தி’, மனம் ஒடிந்துபோயிற்று. விட்டுப்போவது, ஒடிந்து பிரிவது, ஆஃப் ஆவது மூன்றும் ஒட்டியிருந்தது அகலும் அனுபவம்தான். இந்த ஒற்றுமை தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பழைய பொருளொன்று திருமலையில் உயிர்பெறுகிறது. 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில், எரியும் முட்செடியின் முன் மோசேயின் காலணியைக் கழற்றச் சொல்லும் இடத்தில் வருவது ‘புட் ஆஃப்’தான். இன்று ஆங்கிலம் அதை ‘டேக் ஆஃப்’ என்று மாற்றிக்கொண்டுவிட்டது. கோயில் வாசலில் நாம் செருப்பை ‘விடு’கிறோம். தெலுங்கிலும் செப்புலு ‘விடிச்சி’ உள்ளே போகிறார்கள். இது அதே திராவிட ‘விடு’. தமிழில் துணைவினையாகி எங்கும் பரவிவிட்ட இந்தச் சொல், தெலுங்கில் அப்படித் துணைவினை ஆகாமல் செருப்பையும் சொந்தபந்தத்தையும் விடுகிற முழுவினையாகவே நின்றுவிட்டது. பேருந்தில் ‘இங்கே இறக்கிவிடுங்க’ என்று தமிழர் கேட்பதும் ‘இக்கட திம்பேயண்டி’ என்று தெலுங்கர் கேட்பதும் ஆங்கிலத்தின் இன்னொரு ‘புட் ஆஃப்’. விடுவும் வெய்யும் ‘ஆஃப்’ இருக்கும் இடத்தில் பிசகாமல் பொருந்துகின்றன. விளக்கணைக்கும் ‘புட் ஆஃப் த லைட்’ இந்திய ஆங்கிலத்தில் இன்னும் வலுவாக இருக்கிறது. லைட் போடு, லைட்டு வெய்யி என்ற நம் வழக்கு அதற்கு ஊன்றுகோலாக இருப்பதே காரணம் என்பது என் எண்ணம்.

ஒன்றை மட்டும் இரு மொழிகளிலிருந்தும் கடன் கொடுக்க முடியாது. ‘புட் த மீட்டிங் ஆஃப்’ என்றும் சொல்லலாம், ‘புட் ஆஃப் த மீட்டிங்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘இட்’ வந்தால் நடுவில்தான் வர வேண்டும்: ‘புட் இட் ஆஃப்’. தமிழில் ‘தள்ளி’க்கும் ‘போடு’வுக்கும் நடுவே ‘அதை’ நுழையாது. ‘தள்ளியே போட்டான்’ என்று ஓர் இடைச்சொல் நுழையலாம், அவ்வளவுதான். தெலுங்கில் வாயிதா ஒரு பெயர்ச்சொல் என்பதால் கொஞ்சம் நெகிழ்ச்சி உண்டு, ஆனால் ‘அதி’ என்ற சுட்டுப்பெயர் எப்போதும் வெளியேதான் நிற்கும். இதைப் பயிற்சியால்தான் படியவைக்க வேண்டும். வகுப்பு நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான், பொருள் பட்டியல் அல்ல.

தேதியைப் பின்னால் நகர்த்தாமல் முன்னால் கொண்டுவருவதற்கு மூன்று மொழிகளிலும் ‘போடு’ வருவதில்லை. தெலுங்கர் ‘முந்துகு ஜருபு’, முன்பக்கம் நகர்த்து என்கிறார். ஆங்கிலேயர் ‘பிரிங் ஃபார்வர்டு’ என்கிறார். ‘ஃபார்வர்டு’ முன்னா பின்னா என்று அவர்களுக்கே சில சமயம் தடுமாற்றம் வருவதுண்டு. இந்தியர்கள் ‘ப்ரீபோன்’ என்று ஒரு சொல்லைப் பரப்பிவிட்டார்கள். படித்தவர்கள் அதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். ‘போஸ்ட்போன்’ என்பது லத்தீனில் ‘பின்னால் வை’. ‘ப்ரீபோன்’ அதே கணக்கில் ‘முன்னால் வை’. நகரியிலோ புத்தூரிலோ ஒரு தமிழ் வீட்டில் பெண்ணின் கல்யாணத் தேதி ஆவணியிலிருந்து ஆனிக்கு வந்தால் சொல்வதும் அதேதான்: கல்யாணத்தை முன்னாடி வெச்சுட்டாங்க.